எழுத்துக் கூலி

துலூத் நகரில், ஏரிக்கு இறங்கும் தெருவில்,
சாவிக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே
பெயர் பொறிக்கிற கடை என்னுடையது.
பந்து உருட்டி ஜெயித்தவர், பெரிய மீன் பிடித்தவர்,
சொன்ன உடனே உட்கார்ந்த நாய்,
எல்லாருக்கும் எழுத்துக்கு அறுபது சென்ட்.
இடைவெளிக்குக் காசு வாங்குவதில்லை.

ஏப்ரலில் நகராட்சியிலிருந்து பட்டியல் வரும்.
இந்த வருடத்துக் கலைஞர்கள்.
ஏழு வால்நட் பலகை, ஏழு பித்தளைத் தகடு.
வளரும் கலைஞர். வாழ்நாள் சாதனை.
கலையை ஆதரித்த நிறுவனம்:
அது எப்போதும் அதே வங்கிதான்,
நான் வருடத்தை மட்டும் மாற்றுகிறேன்.

தலையெழுத்தை எழுதுகிறவனிடம் போய்
எழுத்துப்பிழை என்று யாரும் சொல்ல முடியாது.
என்னிடம் சொல்வார்கள்.
ஒருமுறை ஒரு செல்லோக்காரர் பெயரில்
ஒரு ஹெச் விட்டுப்போய்,
மேயர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் பொத்தியபடி
புகைப்படத்துக்குச் சிரித்தார்.
அன்றிலிருந்து மூன்று தடவை வாசிக்கிறேன்.
முன்னாலிருந்து, பின்னாலிருந்து,
பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால்.

இந்த வருடம் பொதுவெளிக் கலைக்கு
வெர்னா ஹௌக்கிலுவோமா.
பதினைந்து எழுத்து, ஒன்பது டாலர்.
நெடுஞ்சாலைக்கு அடியில், நடைபாதைச் சுரங்கத்தின் சுவர் முழுக்க
ஒற்றை ஸ்டர்ஜன் மீனை வரைந்தவள்.
வாலில் நடக்கத் தொடங்கினால்
கண்ணுக்கு வந்துசேர ஒரு நிமிடம் ஆகும்.

விழாவுக்கு என்னை அழைப்பதில்லை.
முடிந்து ஒன்பதாம் நாள் அவள் கடைக்கு வந்தாள்,
பலகையைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு.
எனக்கு வயிற்றைக் கலக்கியது. எந்த எழுத்து?
பிழை எதுவும் இல்லை என்றாள்.
இன்னொரு பெயருக்கு இடம் இருக்குமா?

இல்லை. நகரத்தின் முத்திரை, வருடம், விருது, அவள் பெயர்;
மிச்சம் ஒரு திருகாணி அகலம்.
அப்படியானால் பின்பக்கம்?
பின்பக்கம் வெறும் மரம். விலை அதேதான் என்றேன்.

அவன் அந்தச் சுரங்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவன்.
முதல் நாள் அவளிடம்,
என் படுக்கையறைக்கு என்ன நிறம் அடிக்கப் போகிறாய்
என்று கேட்டிருக்கிறான்.
பிறகு ஏணியைப் பிடித்தான்.
பிறகு வாளி கழுவினான்.
மீன் வயிற்றுக்கு அவள் வெள்ளை குழைத்தபோது
தலையை ஆட்டினான். வெள்ளை இல்லை,
நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும் என்றான்.
அட்டைப்பெட்டி அவனுக்குத் தெரியும்.
ஸ்டர்ஜன் எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் உதவியாளருக்கு ஒரு கட்டம் இருந்ததாம்.
பக்கத்துக் கட்டத்தில் முகவரி.
அதை நிரப்பாமல் இதை நிரப்ப முடியவில்லை.
அக்டோபரில், தரை இறுகுவதற்கு முன்,
அவன் போய்விட்டான்.

பெயர்?
டேரல்.
முழுப் பெயர்?
அவ்வளவுதான் தெரியும்.
நடுவில் ஒரு ஆரா, இரண்டா? கடைசியில் எத்தனை எல்?

அவள் வாயைத் திறந்தாள்.
ஆறு மாதம் ஏணி உச்சியிலிருந்து கூப்பிட்ட பெயர்.
கூப்பிட எழுத்து வேண்டியிருக்கவில்லை.

நாளைக்கு வரச் சொன்னேன்.
கடையைப் பூட்டிக்கொண்டு சுரங்கத்துக்குப் போனேன்.
வாலிலிருந்து கண் வரை, கண்ணிலிருந்து வால் வரை,
எங்காவது அவனே கிறுக்கியிருப்பானோ என்று.
குந்தியும் பார்த்தேன், படுத்தால் முகம் வரும் உயரத்தில்.
மேலே லாரி போகும்போதெல்லாம் சுவர் அதிர்ந்தது.
பெயர் எதுவும் இல்லை.
வயிறு மட்டும் அவன் சொன்ன நிறத்தில்.

இரண்டு ஆர் போட்டேன், இரண்டு எல் போட்டேன்.
கூடுதலாக இருந்தால் இருக்கட்டும்.
ஏழு எழுத்துப் பொறித்து
ஐந்துக்குக் காசு வாங்கினேன்.